பதினான்கா, பதினைந்தா? நடுவானில் விமானங்கள் மோதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான விபத்து என்று பேச்சு வந்தாலே எஞ்சின் கோளாறு, மோசமான வானிலை, ஓடுபாதை என்றுதான் பேசுகிறோம். பறந்துகொண்டிருக்கும் இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைப் பலரால் நம்பவே முடிவதில்லை. ஆனால் அப்படி நடந்த விபத்துகளில் மிகப் பெரியது நம் நாட்டில்தான், 1996-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே நடந்தது. அதைச் சுற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

இவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு விமானங்கள் போய் மோதிக்கொள்வது எப்படி?

வானம் பெரியதுதான். ஆனால் விமானங்கள் அதில் இஷ்டத்துக்குத் திரிவதில்லை. வரைபடத்தில் கோடு போட்ட வழித்தடங்கள் இருக்கின்றன. எல்லா விமானங்களும் ஏதாவது ஒரு விமான நிலையத்திலிருந்து கிளம்பி இன்னொன்றுக்குப் போயாக வேண்டும். அதனால் நகரங்களுக்கு மேலே நெரிசல், வழித்தடங்களில் வரிசை. எதிரெதிரே வருகிற இரண்டு விமானங்களைப் பிரித்து வைப்பது பெரும்பாலும் உயரம் மட்டும்தான். ஒன்று 14,000 அடியில் போகும், மற்றது 15,000 அடியில். நடுவே ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பழைய காலத்தில் விமானங்கள் வழித்தடத்தின் நடுக்கோட்டிலிருந்து அரை மைல், ஒரு மைல் விலகிப் பறந்தன. வழிகாட்டும் கருவிகளுக்கு அவ்வளவுதான் துல்லியம். அந்தத் தளர்ச்சியே ஒரு பாதுகாப்பாக இருந்தது. இன்று ஜிபிஎஸ் உதவியால் ஒவ்வொரு விமானமும் கோட்டின் மேலேயே கயிறு பிடித்த மாதிரி போகிறது. உயரத்தில் பிழை வந்துவிட்டால், எதிரே வருவதும் அதே கோட்டில்தான் இருக்கும்.

1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். அப்போது அந்தப் பகுதி வானத்தை யாரும் கண்காணிக்கவில்லை. விமானிகள் தாங்களே கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த விபத்து கிளப்பிய அதிர்ச்சியில்தான் 1958-இல் அமெரிக்கா வான்போக்குவரத்துக்கென்று தனி மத்திய அமைப்பை உருவாக்கியது.

சர்க்கி தாத்ரியில் என்ன நடந்தது?

1996 நவம்பர் 12, மாலை 6.32. டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்திலிருந்து சவூதி விமான நிறுவனத்தின் போயிங் 747 கிளம்பியது. தஹ்ரான் வழியாக ஜித்தா போக வேண்டிய விமானம். உள்ளே 312 பேர், அவர்களில் பெரும்பாலானோர் வேலைக்காக வளைகுடா போகிற இந்தியர்கள். எதிர்த்திசையில் கஜகஸ்தானின் சிம்கெண்ட் நகரிலிருந்து ஓர் இல்யூஷின்-76 டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதில் 37 பேர்.

இரண்டுக்கும் ஒரே வழித்தடம், இரண்டையும் கவனித்தது ஒரே கன்ட்ரோலர், அதாவது தரையிலிருந்து ரேடியோவில் விமானங்களுக்கு வழி சொல்பவர். மேலே ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானத்துக்கு 14,000 அடி வரை அனுமதி கொடுத்தார். இன்னும் மேலே போக அவர்கள் கேட்டபோது, அதே உயரத்தில் இருங்கள், பிறகு சொல்கிறேன் என்றார். இறங்கிவந்த இல்யூஷினுக்கு 15,000 அடி வரை அனுமதி. ரயில் மொழியில் சொன்னால், ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள். ஆனால் ஒன்று பாலத்துக்கு மேலே, மற்றது பாலத்துக்குக் கீழே. பாலம் இருக்கும்வரை கவலையில்லை.

கன்ட்ரோலர் இல்யூஷினுக்கு எச்சரிக்கையும் கொடுத்தார். நேர் எதிரே சவூதி 747 வருகிறது, அது 14,000 அடியில் இருக்கிறது, கண்ணில் பட்டதும் சொல்லுங்கள் என்றார். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு விமானங்களிலிருந்தும் எந்தச் சத்தமும் இல்லை. ரேடார் திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்று சேர்ந்தன, பிறகு மறைந்தன. அப்போது மணி 6.40.

அந்த நேரத்தில் அதே வானத்தில் பறந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்க விமானப்படை சரக்கு விமானத்தின் குழுவினர், ஒரு மேகம் உள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததைப் பார்த்தார்கள். இல்யூஷினின் வால்பகுதி 747-இன் இடது இறக்கையை அறுத்திருந்தது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரியைச் சுற்றியிருந்த கிராமங்களின் வயல்களில் இரண்டும் விழுந்தன. மொத்தம் 349 பேரும் இறந்தார்கள். நடுவான் மோதல்களில் இன்றுவரை இதுதான் அதிக உயிர்களைப் பலிகொண்டது.

கன்ட்ரோலருக்கு ரேடார் இருந்ததே, இல்யூஷின் இறங்கியது தெரியவில்லையா?

தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை. ரேடாரில் இரண்டு வகை. முதல் வகை ரேடியோ அலையை அனுப்பி, விமானத்தின் உடலில் பட்டுத் திரும்புவதை வைத்து அது எங்கே இருக்கிறது என்று காட்டும். உயரம் சொல்லாது. இரண்டாவது வகை விமானத்தைப் பார்த்து நீ யார், எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய் என்று கேட்கும். விமானத்திலிருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி பதில் சொல்லும். கன்ட்ரோலரின் திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் உயரமும் எண்ணாகத் தெரியும்.

அன்று டெல்லியில் பயன்பாட்டில் இருந்தது முதல் வகை மட்டும். இரண்டாவது வகையை நிறுவும் வேலை நடந்துகொண்டிருந்தது, முடிந்திருக்கவில்லை. ஆகவே கன்ட்ரோலர் உயரத்தை அறிய ஒரே வழி, விமானி வாயால் சொல்வது. 15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று இல்யூஷினிலிருந்து சொன்னார்கள். அவர் நம்பினார். நம்பாமல் இருக்க அவரிடம் எந்தக் காரணமும் இல்லை. விசாரணை ஆணையமும் அவர்மேல் குற்றம் காணவில்லை.

வருகிற விமானத்தையும் போகிற விமானத்தையும் ஒரே பாதையில் விட்டது ஏன்?

டெல்லியைச் சுற்றிய வானத்தில் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்தது. பயணிகள் விமானங்களுக்கு மிஞ்சியது குறுகலான பாதைதான். விபத்துக்குப் பிறகு வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் பிரிக்கப்பட்டன. முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டால், கேட்பது நியாயம்தான்.

அப்படியானால் இல்யூஷின் ஏன் 15,000 அடியில் நிற்கவில்லை?

இந்த விபத்தைப் பற்றிப் படிக்கும்போது என்னை அதிகம் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

பழைய சோவியத் முறைப்படி இல்யூஷினின் விமானி அறையில் பலர் இருப்பார்கள். விமானத்தை ஓட்டுபவர்கள் வேறு, தரையோடு ரேடியோவில் பேசுபவர் வேறு. அன்று டெல்லியோடு ஆங்கிலத்தில் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். அவருக்கு முன்னால் உயரமானி கிடையாது. உயரம் தெரிய வேண்டுமென்றால் விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர்களுக்கோ ஆங்கிலம் போதாது. கட்டளையைக் காதில் வாங்குபவர் ஒருவர், அதை நிறைவேற்றுபவர் இன்னொருவர்.

அளவீடு இன்னொரு சிக்கல். அவர்கள் ஊரில் உயரத்தை மீட்டரில் சொல்வார்கள், டெல்லியில் அடியில். ஒவ்வொரு கட்டளையையும் மனதில் மாற்றிக் கணக்குப் போட வேண்டும்.

விமானம் 15,000 அடியைத் தாண்டி இறங்கியது, 14,500-ஐயும் தாண்டியது. அப்புறம்தான் எதிரே வருவது 14,000 அடியில் இருக்கிறது என்ற எச்சரிக்கையின் பொருள் ரேடியோ ஆபரேட்டருக்கு உறைத்தது. நாம் 150-இல் இருக்க வேண்டும், இறங்காதீர்கள் என்று அவர் பதறியது குரல் பதிவில் இருக்கிறது. விமான மொழியில் 150 என்றால் 15,000 அடி. கேப்டன் உடனே எஞ்சின் வேகத்தைக் கூட்டி மேலே ஏற்றினார். அதற்குள் இல்யூஷின் 747-ஐவிடக் கீழே போயிருந்தது. அப்படியே விட்டிருந்தால் அடியில் நுழைந்து போயிருக்கும். தவறைத் திருத்த ஏறியதுதான் மோதலில் முடிந்தது.

மேகத்துக்குள் காற்றின் கொந்தளிப்பால் விமானம் இறங்கிவிட்டது என்று கஜகஸ்தான் தரப்பு வாதிட்டது. ஆணையம் அதை ஏற்கவில்லை. அனுமதியில்லாமல் 14,000 அடிக்கு இறங்கியதே மூல காரணம் என்றது. கூடவே போதாத ஆங்கிலம், குழுவுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாதது, உயரத்தை நெருங்கும்போது வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லாதது ஆகியவற்றையும் சுட்டியது. விமானிகளின் தவறு என்ற ஒற்றை வரியில் முடித்திருந்தால் இந்தப் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்காது.

அந்த மொழிப் பிரச்சினை இன்னும் இருக்கிறதா?

குறைந்திருக்கிறது. ஐநாவின் கீழ் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, 2003-இல் புதிய விதி கொண்டுவந்தது. வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானிகளும் அவர்களோடு பேசும் கன்ட்ரோலர்களும் ஆங்கிலத்தில் ஆறு படிநிலைகளில் குறைந்தது நான்காவதை எட்டியிருக்க வேண்டும். வாய்பாடு மாதிரி மனப்பாடம் செய்த வாக்கியங்கள் மட்டும் போதாது. எதிர்பாராதது நடக்கும்போது சாதாரண ஆங்கிலத்தில் விளக்கத் தெரிய வேண்டும்.

மீட்டர் விஷயத்தில், ரஷ்யா 2011-இல் உயரப் பறப்புக்கு அடிக் கணக்குக்கு மாறியது. சீனா இன்னும் மீட்டரில்தான் இருக்கிறது.

விசாரணையை யார் நடத்தினார்கள்? கறுப்புப் பெட்டிகள் என்ன ஆயின?

அப்போது டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்.சி. லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர் அவர்தான். கறுப்புப் பெட்டிகளைப் படிக்கும் வசதி அன்று இங்கே இல்லை. இல்யூஷினுடையது மாஸ்கோவிலும், 747-இனுடையது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் படிக்கப்பட்டன.

இப்போது விபத்து விசாரணைக்கென்று ஏஏஐபி என்ற தனி அமைப்பு இருக்கிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தபோது கறுப்புப் பெட்டியின் தகவலை டெல்லியில் உள்ள அதன் ஆய்வுக்கூடத்திலேயே எடுத்தார்கள். ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கையும் வந்தது. ஐகாவோ விதிப்படி முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள். அதில் என்ன நடந்தது என்று மட்டும்தான் இருக்கும், ஏன் நடந்தது என்பது இறுதி அறிக்கைக்கு உரியது. முதற்கட்ட அறிக்கை வந்த அன்றே டிவியில் தீர்ப்பு சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

டிகாஸ், டிகாஸ் என்கிறார்களே, அது என்ன?

மோதலைத் தவிர்க்க விமானத்துக்குள்ளேயே இருக்கும் கருவி. தரையிலிருக்கும் ரேடாரையோ கன்ட்ரோலரையோ அது நம்பியிருப்பதில்லை. அருகிலுள்ள மற்ற விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை அதுவே நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம், பதிலிலேயே உயரம். இரண்டும் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று பார்த்து, இன்னும் எத்தனை நொடியில் நெருங்குவோம் என்று கணக்குப் போடும்.

நெருங்க அரை நிமிடம், முக்கால் நிமிடம் இருக்கும்போது "டிராஃபிக், டிராஃபிக்" என்று குரல் கொடுக்கும். அது எச்சரிக்கை மட்டும், தேடிப் பார் என்று பொருள். ஆபத்து விலகாவிட்டால் அடுத்த கட்டம் கட்டளை: "கிளைம்ப், கிளைம்ப்" அல்லது "டிசெண்ட், டிசெண்ட்". ஏறு, அல்லது இறங்கு. இதை ஆர்ஏ என்பார்கள். விமானி ஐந்து நொடிக்குள் செயல்படத் தொடங்குவார் என்ற கணக்கில்தான் அது வேலை செய்கிறது. எதிரே இருப்பதிலும் டிகாஸ் இருந்தால் இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். நான் ஏறுகிறேன், நீ இறங்கு என்று முடிவாகிவிடும். ஆபத்து நீங்கியதும் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" என்று சொல்லி அடங்கிவிடும்.

அமெரிக்காவில் இதைக் கட்டாயமாக்க வைத்தது 1986 ஆகஸ்ட் 31 விபத்து. லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸ் என்ற ஊரின் மேல் ஒரு டிசி-9 ஜெட்டும் சிறிய பைப்பர் விமானமும் மோதின. கீழே வீடுகளில் இருந்த 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். 1993 முடிவுக்குள் அங்கே பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் டிகாஸ் வந்துவிட்டது. சர்க்கி தாத்ரியில் மோதிய இரண்டு விமானங்களிலும் அது இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு, இந்திய வானில் பறக்கும் பெரிய விமானங்கள் எல்லாவற்றுக்கும், வெளிநாட்டு விமானங்கள் உட்பட, இந்தியா அதைக் கட்டாயமாக்கியது.

ஏறு, இறங்கு என்று மட்டும் சொல்கிறது. இடம், வலம் திரும்பச் சொல்லாதா?

சொல்லாது. தூரமும் உயரமும் அதற்குத் துல்லியமாகத் தெரியும். எதிரி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது அவ்வளவு சரியாகத் தெரியாது. குத்துமதிப்பான கோணத்தை நம்பித் திரும்பினால் மோதலுக்குள்ளேயே போய்விட நேரலாம். தவிரவும், அத்தனை பெரிய விமானத்தைச் சில நொடிகளில் பக்கவாட்டில் நகர்த்துவதைவிடச் சில நூறு அடி ஏற்றுவது எளிது.

கருவி ஏறு என்கிறது, கன்ட்ரோலர் இறங்கு என்கிறார். விமானி யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

கருவியின் பேச்சை. இன்று இதில் சந்தேகமே கிடையாது. ஆனால் இந்த ஒரு வரியை உலகம் ஒரே குரலில் சொல்ல 71 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே ஒரு மணி அடித்தது. 2001 ஜனவரி 31, ஜப்பான். ஒரே நிறுவனத்தின் இரண்டு பெரிய விமானங்கள், இரண்டிலும் சேர்த்து 677 பேர். பயிற்சியில் இருந்த கன்ட்ரோலர் விமான எண்களைக் குழப்பிக்கொண்டு, இறங்கச் சொல்ல வேண்டிய விமானத்தை விட்டுவிட்டு மற்றதை இறங்கச் சொன்னார். அந்த விமானத்தின் டிகாஸ் ஏறச் சொன்னது. விமானி கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கினார். மற்ற விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கடைசி நொடியில் கண்ணால் பார்த்து ஒரு விமானி விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தியதில் தப்பித்தார்கள். உள்ளே தூக்கி எறியப்பட்டு நூறு பேர் அளவில் காயமடைந்தார்கள். விதியைத் தெளிவாக்குங்கள் என்று ஜப்பான் ஐகாவோவிடம் கேட்டது. வேலை மெதுவாக நகர்ந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 1, இரவு 11.35. ஜெர்மனியின் தென்கோடியில் ஊபர்லிங்கன் என்ற ஊரின் மேல், மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போய்க்கொண்டிருந்த ரஷ்ய டுபோலெவ்-154. அதில் 69 பேர், 45 பேர் விடுமுறைக்குக் கிளம்பிய பள்ளிக் குழந்தைகள். குறுக்கே இத்தாலியிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் டிஹெச்எல் சரக்கு விமானம், அதில் இரண்டு விமானிகள். இரண்டும் 36,000 அடியில். இரண்டிலும் டிகாஸ் இருந்தது, சரியாக வேலையும் செய்தது.

அந்த வானத்தைச் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலிருந்து கவனித்தார்கள். அன்றிரவு அங்கே ஒரே ஒரு கன்ட்ரோலர் இரண்டு இருக்கைகளின் வேலையைச் செய்துகொண்டிருந்தார். உடன் பணியில் இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த, நிர்வாகம் கண்டுகொள்ளாத வழக்கம். பராமரிப்பு வேலைக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பை நிறுத்தியிருந்தார்கள். மோதல் ஆபத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கையும் வேலை செய்யவில்லை. பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையான கார்ல்ஸ்ரூவேயில் ஜெர்மானியர்கள் ஆபத்தைப் பார்த்துவிட்டார்கள். சூரிச்சுக்கு மாற்றி மாற்றிப் போன் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை.

ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் சூரிச் கன்ட்ரோலர் டுபோலெவை உடனே இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அதன் டிகாஸ் ஏறு என்றது. துணை விமானி அதைக் கவனித்தார், ஏறச் சொல்கிறதே என்றார். அவர் நம்மைக் கீழே இறக்குகிறார் என்று பதில் வந்தது. டிஹெச்எல் விமானமோ தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிறோம் என்று அவர்கள் ரேடியோவில் சொன்னது, இன்னொரு விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கன்ட்ரோலரின் காதில் விழவில்லை. 35,000 அடிக்குச் சற்றுக் கீழே இரண்டும் மோதின.

டுபோலெவ் விமானிகளை எளிதில் குறை சொல்லிவிடலாம். ஆனால் தரையிலிருந்து வரும் குரலே மேலானது என்று பழகியவர்கள் அவர்கள். அவர்கள் கையிலிருந்த கையேடும் தெளிவாக இல்லை. ஒரு பக்கம் கருவியைக் கேள் என்றது, இன்னொரு பக்கம் மோதலைத் தவிர்ப்பதில் கன்ட்ரோலர்தான் முக்கியம் என்றது.

இதன் பிறகே ஐகாவோ விதியைத் திருத்தியது. ஆர்ஏ வந்துவிட்டால் விமானி அதன்படி நடக்க வேண்டும், எதிராக ஒருபோதும் போகக் கூடாது. டிகாஸ் ஆர்ஏ என்று ரேடியோவில் சொன்ன கணத்திலிருந்து கன்ட்ரோலர் அந்த விமானத்துக்குக் கட்டளை கொடுக்கக் கூடாது. கருவியின் மென்பொருளையும் திருத்தினார்கள். எதிரி விமானம் சொன்னதற்கு மாறாக நடந்தால், புதிய பதிப்பு தன் கட்டளையை மாற்றிக்கொள்ளும். சில ஏர்பஸ் விமானங்களில் தானியங்கி முறையே ஆர்ஏ-வை நிறைவேற்றிவிடுகிறது.

ஊபர்லிங்கன் கன்ட்ரோலர் என்ன ஆனார்?

2004 பிப்ரவரியில் அவருடைய வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். குத்தியவர் அந்த விபத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். விசாரணை அறிக்கை அதற்கு மூன்று மாதம் கழித்து மே மாதம்தான் வெளியானது. இரவில் ஒருவரையே உட்கார விட்ட நிர்வாகத்தின் பங்கு அதில் தெளிவாக இருந்தது. 2007-இல் அந்த நிறுவனத்தின் நான்கு பேர் தண்டிக்கப்பட்டார்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை. மூன்று பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, ஒருவருக்கு அபராதம்.

டிகாஸ் வந்த பிறகும் மோதல்கள் நடக்கின்றனவே?

டிகாஸுக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். எதிரியின் டிரான்ஸ்பாண்டர் பேசினால்தான் அதற்குக் கேட்கும்.

2006 செப்டம்பர் 29, பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேல் ஒரு 737-800-உம் சிறிய எம்ப்ரேயர் லெகசி ஜெட்டும் ஒரே வழித்தடத்தில், ஒரே 37,000 அடியில் எதிரெதிரே வந்தன. லெகசியின் டிரான்ஸ்பாண்டர் விமானிகளுக்கே தெரியாமல் செயலற்ற நிலைக்குப் போயிருந்தது. ஆகவே அதன் டிகாஸும் ஊமை, 737-இன் பார்வையிலோ அப்படி ஒரு விமானமே இல்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையில், திட்டப்படி அது இருக்க வேண்டிய 36,000 அடி என்ற எண் தெரிந்துகொண்டிருந்தது, உண்மை உயரம் மாதிரியே. லெகசியின் இறக்கை நுனி 737-இன் இறக்கையைக் கிழித்தது. 737-இல் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசி சேதத்தோடு ஒரு ராணுவத் தளத்தில் இறங்கியது, ஏழு பேருக்கும் உயிர் சேதமில்லை. நான் முதலில் சொன்ன துல்லியத்தின் விசித்திரம் இதுதான்.

2025 ஜனவரி 29, வாஷிங்டன். இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் போட்டோமாக் ஆற்றின் மேல் மோதி 67 பேர் இறந்தார்கள். மோதிய உயரம் சுமார் 300 அடி. அவ்வளவு தாழ்வில் டிகாஸ் ஏறு, இறங்கு என்று சொல்லாது. தரைக்கு அருகே அப்படிச் சொல்வது வேறு ஆபத்தில் முடியும் என்பதால் ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே அந்தக் கட்டளைகளை நிறுத்திவைக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். "டிராஃபிக்" எச்சரிக்கை மட்டும் வந்தது. ஹெலிகாப்டர் குழு, ஜெட்டைக் கண்ணால் பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று கன்ட்ரோலரிடம் ஒப்புக்கொண்டிருந்தது. இரவு நேரம், கீழே நகரம் முழுக்க விளக்குகள். 1956-இல் கிராண்ட் கேன்யன் மேல் நம்பியிருந்த அதே கண்கள்தான்.

பறக்கும்போது சன்னல் வழியே இன்னொரு விமானம் சட்டென்று கடந்து போனதைப் பார்த்தேன். தப்பித்தேனா?

அநேகமாக எல்லாமே ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். ஆயிரம் அடி மேலேயோ கீழேயோ எதிரே போகும் விமானம் பார்ப்பதற்கு மிக அருகில் இருப்பது போலவே தெரியும். இரண்டும் மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால், சேர்ந்து நொடிக்கு அரைக் கிலோமீட்டர். பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் போய்விடும்.

உண்மையில் ஆர்ஏ வந்தால் அதை உடலில் உணர்வீர்கள். லிஃப்ட் சட்டென்று கிளம்பின மாதிரியோ நின்ற மாதிரியோ இருக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் விமானம் பழைய உயரத்துக்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் அறிவிப்புகூட வராது, விமானிகளுக்கு அப்போது வேறு வேலை இருக்கும். பெல்ட் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. ஜப்பானில் மோசமாக அடிபட்டவர்களில் பெல்ட் போடாமல் இருந்தவர்களும், நடமாடிக்கொண்டிருந்த பணிப்பெண்களும் உண்டு.

தரையிறங்கியதும் விமானி அதை எழுத்தில் புகார் செய்தாக வேண்டும், விசாரணையும் நடக்கும். மறுநாள் பேப்பரில் "நூலிழையில் தப்பிய 300 பயணிகள்" என்று வருவது பெரும்பாலும் அந்தப் புகாரிலிருந்து கிளம்பும் செய்திதான். அதைப் படிக்கும்போது இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள்: உயரத்தில் எவ்வளவு இடைவெளி, பக்கவாட்டில் எவ்வளவு. இரண்டுமே இல்லாவிட்டால் அந்தத் தலைப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.